பிரிட்டனின் புதிய வேப் விதிகள்: மூலைக் கடைக்கும் வேப் பிடிப்பவருக்கும் என்ன ஆகும்?

கேள்வி கேட்டவர் லண்டனின் வடமேற்குப் பகுதியில் மூலைக் கடை நடத்துகிறவர். வேப்பை, அதாவது மின்சிகரெட்டை, தடை செய்யப் போகிறார்கள் என்கிறார்கள், வரி போடப் போகிறார்கள் என்கிறார்கள், லைசென்ஸ் எடுக்க வேண்டும் என்கிறார்கள்; பக்கத்துக் கடை காலியாகிறது, அதை வாடகைக்கு எடுத்து முழு வேப் கடையாகப் போடலாமா, அல்லது இருக்கிற சரக்கையும் தள்ளிவிட்டு இந்த வியாபாரத்திலிருந்தே ஒதுங்கிவிடலாமா என்பது அவர் எழுதியதன் சுருக்கம். சிகரெட்டை விட்டு வேப்புக்கு மாறிய தம் வாடிக்கையாளர்கள் திரும்பவும் சிகரெட்டுக்கே போய்விடுவார்களோ என்ற கவலையையும் ஒரு வரியில் சேர்த்திருக்கிறார். வதந்தியாக அவர் காதில் விழுந்த இந்த நாலைந்து செய்திகளில் எது ஏற்கெனவே சட்டம், எது தேதி குறிக்கப்பட்டுவிட்டது, எது இன்னும் அமைச்சரின் மேசையில் கிடக்கும் அதிகாரம் மட்டுமே என்று பிரித்துச் சொன்னால், எவ்வளவு பணத்தை இதில் இறக்கலாம் என்பதை அவரே கணக்குப் போட்டுக்கொள்வார் என்று நினைக்கிறேன். உண்மையில் அவர் கேட்பதும் அதுதான்.

நான் ஒரு கவுன்சிலின் (உள்ளாட்சி மன்றத்தின்) டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் பிரிவில், அதாவது கடைகள் விதிப்படி விற்கின்றனவா என்று கண்காணிக்கும் பிரிவில், பல ஆண்டுகள் வேலை செய்தவன். இப்போது சிறு கடைகளுக்கு லைசென்ஸ், வயதுச் சோதனை, சரக்கு ஆவணங்கள் ஆகியவற்றில் ஆலோசனை சொல்கிறேன். மருத்துவன் அல்லன், வழக்கறிஞனும் அல்லன். ஆகவே உடல்நலம் பற்றிச் சொல்லும் இடங்களில் வெளியான ஆய்வுகளுக்கு மேல் ஒரு சொல்லும் என்னுடையதாகச் சேர்க்கமாட்டேன். இதை 2025 டிசம்பரில் எழுதுகிறேன் என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சில மாதங்கள் கழித்துப் படிப்பவர்கள், பாராளுமன்றத்தின் முன் உள்ள புகையிலை மற்றும் வேப் மசோதாவின் நிலையைப் புதிதாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

முதலில், நடைமுறையில் இருப்பவை. நிக்கோட்டின் உள்ள வேப்புகளுக்கு 2016 முதலே தனி விதிமுறைகள் உண்டு: வேப்பில் லிக்விட் (ஆவியாகும் திரவம்) நிற்கும் டேங்க் 2 மில்லிக்கு மேல் பிடிக்கக்கூடாது, ரீஃபில் பாட்டில் 10 மில்லிக்கு மேல் இருக்கக்கூடாது, நிக்கோட்டின் ஒரு மில்லிக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது, பொருள் சந்தைக்கு வருமுன் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எம்.எச்.ஆர்.ஏ.விடம் பதிவாகியிருக்க வேண்டும். 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவருக்கு விற்பது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2015 அக்டோபரிலிருந்து குற்றம். இவற்றுக்கு மேல் 2025 ஜூன் 1 அன்று ஒருமுறை பயன்படுத்தி எறியும் டிஸ்போசபிள் வேப்புகளை விற்பதும், விற்பதற்காகக் கடையில் வைத்திருப்பதும் நாடு முழுவதும் தடையாயிற்று. அந்தத் தடையை உடல்நலச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவரவில்லை, சுற்றுச்சூழல் சட்டத்தின் கீழேயே கொண்டுவந்தார்கள். 2023இல் வாரத்துக்கு ஏறத்தாழ 50 லட்சம் டிஸ்போசபிள்கள் குப்பைக்குப் போயின என்பதும், அவற்றின் லித்தியம் பேட்டரிகள் குப்பை லாரிகளில் தீப்பிடித்தன என்பதும்தான் காரணம். உங்கள் அலமாரியில் இப்போது அதே உருவம், அதே நிறம், அதே சுவைப் பெயருடன், அடியில் ஒரு சார்ஜர் துளையும் மேலே கழற்றக்கூடிய பாட்டும் (லிக்விட் அடங்கிய சிறு குப்பி, ஆங்கிலத்தில் pod) சேர்ந்து நிற்கும் பொருள்கள் இருக்கும். அவை சட்டப்படியானவையாக இருக்க, பேட்டரியைத் திரும்பச் சார்ஜ் ஏற்ற முடிந்தால் மட்டும் போதாது. பாட்டைத் திரும்ப நிரப்ப முடிய வேண்டும் அல்லது மாற்றுப் பாட்டைத் தனியாக வாங்க முடிய வேண்டும். இந்த இரண்டாவது பகுதியைத்தான் பலர் கோட்டைவிடுகிறார்கள். கருவியை மட்டும் அடுக்கிவைத்து, அதற்குரிய மாற்றுப் பாட்டை எங்கும் தனியாக வாங்க முடியாத நிலையில் விற்றால் அதிகாரி கேட்கும் முதல் கேள்விக்கே உங்களிடம் பதில் இருக்காது. இங்கிலாந்தில் முதல் தடவைக்கு 200 பவுண்ட் அபராதம். அதற்குப் பிறகும் தொடர்ந்தால் வரம்பில்லாத அபராதம் அல்லது இரண்டு ஆண்டு வரை சிறை. வேப் விற்கும் எந்தக் கடையும், வாடிக்கையாளர் திருப்பித் தரும் பழைய வேப்பை வாங்கி மறுசுழற்சிக்கு அனுப்ப வேண்டும் என்பதும் ஏற்கெனவே உள்ள கடமை. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு சேகரிப்புப் பெட்டி இல்லாத கடைகளை இன்னும் நிறையவே பார்க்கிறேன்.

அடுத்தது வரி. தேதியும் தொகையும் குறிக்கப்பட்டுவிட்ட விஷயம் இது. உங்கள் கேள்வியில் அரை வரியில் கடந்துபோனாலும், என் கணிப்பில் மசோதாவை விட இதுதான் உங்கள் கடையை முதலில் தொடும். 2026 அக்டோபர் 1 முதல் வேப் லிக்விட்டின் ஒவ்வொரு 10 மில்லிக்கும் 2.20 பவுண்ட் தீர்வை. நிக்கோட்டின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே தொகை. அந்தத் தீர்வையின் மீதும் 20 விழுக்காடு வாட் (மதிப்புக் கூட்டு வரி) வருவதால் வாடிக்கையாளர் கையில் அது 2.64 பவுண்ட் ஆகிறது. சிகரெட்டுக்கும் அதே நாளில் நூற்றுக்கு 2.20 பவுண்ட் கூடுகிறது. அதாவது 20 கொண்ட பாக்கெட்டுக்கு வாட்டோடு 53 பென்ஸ். வேப் விலை ஏறினாலும் சிகரெட்டைவிட மலிவாகவே இருக்க வேண்டும் என்பதற்காக இதைச் செய்கிறோம் என்பது அரசின் வாதம். வாதம் தவறில்லை, ஆனால் அந்த இடைவெளி யாருக்கு எவ்வளவு சுருங்குகிறது என்று பார்த்தால் கதை வேறாகத் தெரிகிறது.

2024 மார்ச்சில் முந்தைய அரசு முதலில் அறிவித்தபோது வரி மூன்று படிகளாக இருந்தது: நிக்கோட்டின் இல்லாததற்கு 10 மில்லிக்கு 1 பவுண்ட், நடுத்தரத்துக்கு 2, வீரியம் கூடியதற்கு 3. அதே ஆண்டு அக்டோபர் வரவு செலவுத் திட்டத்தில் அதை ஒரே தட்டையான தொகையாக்கினார்கள். வசூலிக்கவும் சோதிக்கவும் எளிது என்பது உண்மைதான். ஆனால் வேப் பிடிப்பவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி பிடிப்பதில்லை. 20 மில்லிகிராம் வீரியமுள்ள நிக் சால்ட்டை (நிக்கோட்டின் உப்பு லிக்விட்டை) சிறிய பாட் கருவியில் பிடிப்பவருக்கு ஒரு நாளைக்கு 2 மில்லி போதும். அவருக்குக் கூடுதல் செலவு நாளுக்கு 53 பென்ஸ், ஆண்டுக்கு 193 பவுண்ட் அளவு. பெரிய கருவியில் 3 மில்லிகிராம் லிக்விட்டை நாளுக்கு 10 மில்லி வரை புகையாக்குகிறவர், ஆண்டுக்கு 960 பவுண்டுக்கு மேல் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். இந்த இரண்டாமவர் பெரும்பாலும் பழைய சிகரெட்காரர். வீரியத்தைக் கொஞ்சங்கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வந்தவர். நிக்கோட்டினைக் குறைக்க முயன்றவருக்கே வரி கூடுதலாக விழுகிறது என்பது இந்தத் திட்டத்தின் கோணலான விளைவு. அவர்கள் வாங்குவது 50 மில்லி, 100 மில்லி ஷார்ட்ஃபில் பாட்டில். நிக்கோட்டின் இல்லாத லிக்விட்டை அதில் வாங்கி, நிக்கோட்டின் அடங்கிய சிறு பாட்டிலான நிக் ஷாட்டைத் தனியே ஊற்றிக் குலுக்கிக்கொள்வார்கள். அந்த 50 மில்லி பாட்டிலுக்கு 13.20 பவுண்டும், 100 மில்லிக்கு 26.40 பவுண்டும் வாட்டோடு சேர்ந்து ஏறும். இன்று பத்துப் பதினைந்து பவுண்டுக்கு விற்கும் பொருள் அது. உங்கள் கடையில் ஷார்ட்ஃபில் அலமாரி பெரிதாக இருந்தால், 2026 இலையுதிர்காலத்துக்குப் பிறகு அது இன்றைய அளவில் ஓடும் என்று எண்ணி எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்திடாதீர்கள்.

சின்னக் கடைக்காரருக்கு இதில் இன்னொரு இடி இருக்கிறது. தீர்வையை நேரடியாக வரித் துறையான எச்.எம்.ஆர்.சி.க்குக் கட்டுவது நீங்கள் அல்ல. உற்பத்தியாளரும் இறக்குமதியாளரும் கிடங்குக்காரரும்தான். ஆனால் மொத்தக் கடையான காஷ் அண்ட் கேரியில் உங்களுக்குப் போடப்படும் விலையில் அது முழுதும் அடங்கியிருக்கும். விளங்குவதற்காக வசதியான எண்களில் ஒரு கணக்குப் போடுகிறேன். ஒரு 10 மில்லி பாட்டிலை வாட் நீங்கலாக 1.60 பவுண்டுக்கு வாங்கி, வாட்டோடு 3.99க்கு விற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வாட் போக 3.33 கிடைக்கிறது, லாபம் 1.73, விற்பனையில் ஏறத்தாழ 52 விழுக்காடு. தீர்வை வந்தபின் வாங்கும் விலை 3.80. அதே 1.73 பவுண்டை உங்கள் பங்காக வைத்துக்கொள்ள நினைத்தால் வாட்டோடு 6.60க்கு மேல் விற்க வேண்டும். அப்போதும் லாபம் விற்பனையில் 31 விழுக்காடாக இறங்கிவிடுகிறது. அதைவிட முக்கியம், முன்பு 300 பாட்டில் அடுக்க 480 பவுண்ட் போட்ட இடத்தில் இனி 1,140 பவுண்ட் போட வேண்டும். விற்பனை அதே அளவில் இருந்தாலும் கையில் முடங்கும் பணம் இரண்டு மடங்குக்கு மேல். ஓடாத சுவைகள் அலமாரியில் தங்கினால் வரியும் சேர்ந்து தங்கும். திருட்டுப் போனால் வரியும் சேர்ந்து போகும். இதனால்தான் என்னிடம் வருகிறவர்களிடம் இப்போதே ஒவ்வொரு சுவையும் எத்தனை நாளுக்கு ஒன்று விற்கிறது என்று டில்லிலிருந்து (கல்லா இயந்திரத்தின் பதிவிலிருந்து) எடுத்துப் பார்க்கச் சொல்கிறேன். நாற்பது சுவை அடுக்குவதைப் பன்னிரண்டாகக் குறைக்கும் வேலையை வரி வருவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

முத்திரை பற்றியும் சொல்ல வேண்டும். சில்லறைப் பெட்டி ஒவ்வொன்றிலும் தீர்வை முத்திரை ஒட்டப்பட்டிருக்க வேண்டும். தயாரிப்பாளர்களும் இறக்குமதியாளர்களும் அனுமதிக்கு விண்ணப்பிப்பது 2026 ஏப்ரல் 1 முதல்; முத்திரை கட்டாயமாவது அக்டோபர் 1 முதல்; அதற்கு முன்பு சந்தைக்கு வந்த, முத்திரை இல்லாத பழைய சரக்கை 2027 மார்ச் 31 வரை விற்றுத் தீர்க்கலாம். அந்த ஆறு மாத அவகாசத்தைப் பார்த்ததும் எல்லோருக்கும் தோன்றும் யோசனை, செப்டம்பரில் வரியில்லாச் சரக்கை வாங்கிக் குவிப்பது. அளவோடு செய்தால் தவறில்லை. ஆனால் 2027 ஏப்ரல் 1 காலையில் கையில் மிஞ்சும் முத்திரையில்லாப் பெட்டி ஒவ்வொன்றும் விற்க முடியாத பொருள். வாங்கிய தேதியைக் காட்டும் ரசீதைத் தனிக் கோப்பில் வைத்திருங்கள். பழைய சரக்கு என்று வாயால் சொல்வது போதாது. சீனாவிலிருந்து நேரே பெட்டி வரவழைக்கும் கடைக்காரரும், பின்னறையில் லிக்விட் கலந்து பாட்டிலில் அடைப்பவரும் வெறும் சில்லறை வியாபாரி என்ற கணக்கில் வரமாட்டார்கள். இறக்குமதியாளர், உற்பத்தியாளர் என்ற முறையில் அனுமதி, கணக்கு, செலுத்துகை எல்லாம் அவர்கள் தலையில் விழும். சிறிய தனிக் கலவைக் கடைகளில் சில இந்தக் காரணத்தினாலேயே கலப்பதை நிறுத்திவிட்டு வாங்கி விற்கத் தொடங்கும் என்பது என் ஊகம்.

இப்போது மசோதாவுக்கு வருவோம். புகையிலை மற்றும் வேப் மசோதாவின் முதல் வடிவம் 2024 மார்ச்சில் ரிஷி சுனக் அரசால் கொண்டுவரப்பட்டு, அந்தக் கோடையில் தேர்தல் வந்ததால் காலாவதியானது. புதிய அரசு விரிவான வடிவத்தை 2024 நவம்பரில் அறிமுகம் செய்தது. காமன்ஸ் சபை 2025 மார்ச்சில் நிறைவேற்றியது. இதை எழுதும் 2025 டிசம்பரில் பிரபுக்கள் சபையில் இருக்கிறது. இதில் பெரிய தலைப்பாக அடிபட்டது, 2009 ஜனவரி 1 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவருக்குப் புகையிலையை என்றைக்குமே விற்கக்கூடாது என்ற பிரிவு. பலர் அது வேப்புக்கும் என்று எண்ணிவிட்டார்கள். உங்கள் கேள்வியின் தொனியிலும் அது தெரிகிறது. இல்லை. வேப்புக்கு வயது 18தான். வேப்பை முற்றிலும் தடை செய்யும் எந்தப் பிரிவும் மசோதாவில் கிடையாது; ஆகவே முதல் வதந்தியை அப்படியே அடித்துவிடலாம். நிக்கோட்டின் இல்லாத வேப்பையும் உதட்டுக்கடியில் வைத்துக்கொள்ளும் நிக்கோட்டின் பவுச்சையும் 18க்குக் கீழ்ப்பட்டவருக்கு விற்கத் தடை, தானியங்கி இயந்திரங்களில் விற்கத் தடை, விளம்பரத்துக்கும் ஆதரவளிப்புக்கும் தடை ஆகியவை மசோதாவிலேயே எழுதப்பட்டுள்ளன. சுவை, பெட்டியின் தோற்றம், கடைக்குள் காட்சிக்கு வைக்கும் முறை, எந்த இடங்களில் வேப் பிடிக்கக்கூடாது என்பவை வேறு வகை: இவற்றுக்கு மசோதா அமைச்சருக்கு விதிமுறை இயற்றும் அதிகாரத்தைத் தருகிறதே தவிர விதிமுறையையே தரவில்லை. கலந்தாய்வு நடந்து, விதிமுறை எழுதப்பட்டு, பாராளுமன்றம் ஏற்று, பிறகு அமலுக்கு ஒரு தேதி குறிக்கப்பட வேண்டும். சுவை உள்ளிட்ட பலவற்றுக்குச் சான்றுகளைக் கேட்டு அரசு 2025 அக்டோபரில்தான் அழைப்பு விட்டது. ஆகவே உங்கள் மொத்த வியாபாரி 'அடுத்த மாதம் மின்ட்டும் டொபாக்கோவும் தவிர எல்லாம் போய்விடும், இப்போதே மலிவில் தருகிறேன்' என்று சொன்னால், அவர் விற்க முடியாத சரக்கை உங்கள் தலையில் கட்டுகிறார் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

லைசென்ஸ் பற்றி உங்களுக்குப் பயம் இருக்கிறது. எனக்கு ஏறத்தாழ நேர்மாறான எண்ணம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மது விற்கத் தனி லைசென்ஸ் வேண்டும், ஆனால் சிகரெட்டையும் வேப்பையும் முடி வெட்டும் கடையிலும் போன் பழுதுபார்க்கும் கடையிலும்கூட யாரும் விற்கலாம். ஸ்காட்லாந்தில் புகையிலையோடு வேப் விற்பவர்களும் பல ஆண்டுகளாகப் பதிவு செய்தே விற்கிறார்கள்; வியாபாரம் நின்றுவிடவில்லை. மசோதா இங்கிலாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகிய இடங்களில் லைசென்ஸ் முறையைக் கொண்டுவரும். லைசென்ஸ் நிபந்தனையை மீறினால் 2,500 பவுண்ட் வரை அபராதம். கட்டணம் எவ்வளவு, பள்ளிக்கு எத்தனை தூரத்தில் கடை இருக்கலாம், ஒரு தெருவில் எத்தனை கடை என்பவை இனிமேல் தீர்மானிக்க வேண்டியவை. இந்தத் தூரக் கணக்கு உங்களைப் போன்றவருக்குக் கட்டணத்தைவிட முக்கியமாகலாம். ஆயினும் ஒழுங்காக நடத்தும் கடைக்கு லைசென்ஸ் ஒரு பாதுகாப்பு வேலி. இன்றைக்குப் பதினாறு வயதுப் பையனுக்கு விற்றதற்காக ஒரு கடைக்காரரை நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக மாதக்கணக்காகிறது. மசோதா வந்தால் 200 பவுண்ட் அபராதத்தை அங்கேயே விதிக்கலாம், மறுபடி மறுபடி மாட்டுகிறவரின் லைசென்ஸே கேள்விக்குள்ளாகும். உங்களுக்கு எதிர்க்கடையில் நடப்பது உங்களைவிட யாருக்குத் தெரியும்?

சோதனை வாங்கல் எப்படி நடக்கும் என்று அருகிலிருந்து பார்த்தவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். பதினைந்து பதினாறு வயதுப் பிள்ளை ஒருவர் உள்ளே வந்து, சாதாரணமாக ஒரு வேப்பைக் கேட்பார்; அதிகாரி ஒருவர் பால் எடுப்பது போலப் பின்னால் நிற்பார். அந்தப் பிள்ளைக்குச் சொல்லப்படும் அறிவுரை, வயதைக் கேட்டால் உண்மையைச் சொல் என்பது. ஆக, 'வயது என்ன?' என்று ஒரு கேள்வி கேட்டிருந்தாலே பல கடைகள் தப்பியிருக்கும். மாட்டுபவர்களில் பெரும்பாலோர் கெட்ட எண்ணமுள்ள முதலாளிகள் அல்லர். சனிக்கிழமை மாலை முதலாளி கோயிலுக்கோ கல்யாண வீட்டுக்கோ போனபின் கல்லாவில் நின்ற மைத்துனரோ புதிதாக வந்த மாணவரோதான். அவருக்கு யாரும் 25 வயதுக்குக் கீழே தெரிந்தால் அடையாள அட்டை கேள் என்று எழுத்தில் சொல்லியிருக்கமாட்டார்கள். விற்க மறுத்ததைக் குறிக்கும் பதிவேடு கல்லாவுக்கடியில் இருக்கும், கடைசியாக எழுதியது போன வருடம் இருக்கும். லைசென்ஸ் முறை வரும்போது இந்தப் பதிவேடும், பணியாளர் கையெழுத்திட்ட பயிற்சித் தாளும்தான் உங்களுக்குச் சாட்சி சொல்லும். இன்று மாலையே தொடங்கலாம், செலவு ஒன்றுமில்லை.

சுவைக் கட்டுப்பாடுதான் எல்லாவற்றிலும் கூடுதலாக ஐயத்துக்குரியது. அரசுக்கு உள்ள காரணம் தெளிவானது: பப்பிள்கம், பஞ்சுமிட்டாய் என்ற பெயர்களும் மிட்டாய் நிறங்களும் பள்ளிப் பிள்ளைகளை இழுக்கின்றன, இதை நானும் மறுக்கவில்லை. மறுபக்கம், பழச் சுவை பெரியவர்களுக்கும் பிடித்தது, சிகரெட் நாற்றத்தை மறக்கவே அதை விரும்புகிறவர்கள் உண்டு. சான் பிரான்சிஸ்கோ நகரம் 2018இல் சுவையூட்டிய புகையிலை, வேப் அனைத்தையும் விற்கத் தடை விதித்தபின் அங்கே பள்ளி மாணவர்களிடையே சிகரெட் பழக்கம் மற்ற நகரங்களோடு ஒப்பிடுகையில் கூடியது என்று 2021இல் ஓர் ஆய்வு வந்தது. வேப் வணிகர்கள் அதைத் தூக்கிப் பிடிக்கிறார்கள். ஆனால் அந்த ஆய்வு பயன்படுத்திய தரவின் ஒரு பகுதி தடை உண்மையில் அமலாக்கப்படுவதற்கு முன்பே திரட்டப்பட்டது என்று மற்ற ஆய்வாளர்கள் சுட்டிக்காட்டினார்கள். ஆகவே அதை வைத்து எதையும் அறுதியிட முடியாது. என் சொந்தக் கருத்து, பெயரையும் பெட்டியையும் அடக்கிவிட்டுச் சுவைகளில் சிலவற்றையாவது பெரியவர்களுக்கு விட்டுவைப்பது நடைமுறைக்கு ஒத்துவரும் என்பதே. அதற்குக் காரணம் அமலாக்க அனுபவம்: எதை மக்கள் தேடுகிறார்களோ அதைக் கடை அலமாரியிலிருந்து எடுத்தால், அது காரின் டிக்கிக்கும் டெலிகிராம் குழுவுக்கும் போகும். அரசு அப்படித்தான் முடிவு செய்யும் என்று நான் சொல்லவில்லை.

காட்சிக்கு வைப்பதில் உங்களுக்கு முன் அனுபவம் இருக்கிறது. 2015 ஏப்ரலில் சிறு கடைகளிலும் சிகரெட்டைத் திரைக்குப் பின்னால் வைக்கச் சொன்னபோது இதே பயம் இருந்தது. அப்போது பலருக்குச் சிகரெட் கம்பெனியின் ஆளே வந்து கதவுள்ள அலமாரியை மாட்டிவிட்டுப் போனார். வேப் கம்பெனிகள் பல அவ்வளவு பெரியவை அல்ல. மறைக்கச் சொன்னால் அந்தச் செலவு இந்தத் தடவை உங்கள் பையிலிருந்து போகலாம். அதனால் கல்லாவுக்கு முன்னால் வண்ண விளக்குப் போட்ட புதிய காட்சிப் பெட்டிக்கு யாராவது தவணைத் திட்டம் கொண்டுவந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். விளம்பரத் தடையோ நேரடியாகவே வரும். ஜன்னலில் ஒட்டிய பெரிய போஸ்டர்களுக்கும், நம் ஊர்ச் சங்கங்களின் கிரிக்கெட் சட்டைகளில் மொத்த வியாபாரியின் வேப் பிராண்டை அச்சிடும் வழக்கத்துக்கும் அதோடு முடிவு.

கள்ளச் சரக்கைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வரி ஏறிய அடுத்த வாரமே ஒருவர் பின்கதவுக்கு வருவார். 2 மில்லி வரம்பை மீறிய டேங்கும், பதிவில்லாத பொருளும் ஏற்கெனவே தாராளமாகப் புழங்குகின்றன, 2.64 பவுண்ட் வித்தியாசம் அந்த வியாபாரத்துக்கு உரம். ஒழுங்கான கடைக்காரருக்கு இந்த விதிகளால் வரும் உண்மையான நட்டம் இங்கேதான்: வரியைக் கட்டியவன் 6.60க்கு விற்கும்போது கட்டாதவன் 4 பவுண்டுக்கு விற்பான். டிரேடிங் ஸ்டாண்டர்ட்ஸ் பிரிவுகளில் ஆள் போதாது என்பது உள்ளே இருந்த எனக்குத் தெரியும். முத்திரை முறை வந்ததும் எல்லாம் சீராகிவிடும் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்கமாட்டேன். முத்திரை செய்யக்கூடியது, பார்த்த மாத்திரத்தில் கள்ளத்தைக் கண்டுகொள்ள வைப்பது. அதற்குப் பிறகு ஆதாரத்தோடு தகவல் கொடுங்கள். 2014ஆம் ஆண்டின் சமூக விரோத நடத்தைச் சட்டத்தின்படி நீதிமன்றம் தொல்லை தரும் ஒரு கடையை மூன்று மாதம் வரை மூடி வைக்க உத்தரவிடலாம், அதைக் கள்ளப் புகையிலை, கள்ள வேப் விற்கும் கடைகள்மேல் பயன்படுத்தி வருகிறார்கள். அந்தப் பின்கதவு ஆளிடம் நீங்கள் ஒரு பெட்டி வாங்கினாலும் நாளைய லைசென்ஸ் விண்ணப்பத்தை இன்றே கிழித்துப்போடுகிறீர்கள்.

வாடிக்கையாளர்கள் விஷயம். 2024ஆம் ஆண்டுக்கான தேசியப் புள்ளியியல் அலுவலகக் கணக்கில், பிரிட்டனில் 16 வயதுக்கு மேற்பட்டோரில் வேப் பிடிப்பவர்கள் 54 லட்சம், சிகரெட் பிடிப்பவர்கள் 49 லட்சம்; முதன்முறையாக வேப் முந்திவிட்டது. வேப் தீங்கற்றது என்று தேசிய சுகாதார சேவை சொல்லவில்லை. சிகரெட்டைவிடத் தீங்கு குறைவு, சிகரெட் பிடிக்காதவர் தொடவே வேண்டாம் என்கிறது. 2019இல் இங்கிலாந்தின் புகை நிறுத்த நிலையங்களில் 886 பேரை வைத்துச் செய்த சோதனையில், ஓராண்டு கழித்துச் சிகரெட் இல்லாமல் இருந்தவர்கள் வேப் கொடுக்கப்பட்டோரில் 18 விழுக்காடு, நிக்கோட்டின் பேட்ச், சூயிங்கம் போன்றவை கொடுக்கப்பட்டோரில் 9.9 விழுக்காடு. விலை ஏறினால் இவர்களில் எத்தனை பேர் சிகரெட்டுக்குத் திரும்புவார்கள் என்பதற்கு இந்த நாட்டில் இன்னும் கணக்கு இருக்க முடியாது, ஏனெனில் வரியே வரவில்லை. கையில் காசு குறைந்தவர்தான் முதலில் திரும்புவார் என்பது மட்டும் கல்லாவில் நிற்கும் எவருக்கும் தெரியும். அவர்களிடம் நீங்கள் நேர்மையாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு: பெரிய கருவியில் நிறைய லிக்விட் செலவழிப்பவர், 2026 அக்டோபருக்கு முன் சிறிய பாட் கருவிக்கு மாறினால் வரியின் பெரும்பகுதி தப்பும், ஆனால் அதற்கு வீரியம் கூடிய லிக்விட் வேண்டியிருக்கும். நிக்கோட்டினைக் குறைத்துக்கொண்டு வந்தவருக்கு அது பின்னடைவு, ஆகவே அவரை ஊரிலுள்ள இலவசப் புகை நிறுத்த நிலையத்துக்கு அனுப்புவதே முறை. பள்ளி வாசலிலும் விளையாட்டுத் திடலிலும் வேப் பிடிக்கத் தடை வரலாம். பப்களின் வெளிமுற்றத்தை இதில் சேர்க்கப்போவதில்லை என்று அரசு சொல்லிவிட்டது. சென்னைக்கு விடுமுறை போகிற வாடிக்கையாளர்களுக்கு இன்னொரு சொல்: இந்தியாவில் 2019ஆம் ஆண்டுச் சட்டம் மின்சிகரெட்டின் இறக்குமதியையே தடை செய்கிறது, பெட்டியில் வைத்துக்கொண்டு போக வேண்டாம் என்று சொல்லி அனுப்புங்கள்.

கடைசியாகப் பக்கத்துக் கடை. இருக்கிற கடையில் வேப்பை விட்டு ஓட வேண்டியதில்லை. சுவைகளைக் குறைத்து, ஷார்ட்ஃபில்லைச் சுருக்கி, மாற்றுப் பாட்களை ஒழுங்காக வைத்துத் தொடருங்கள். தனி வேப் கடை வேறு கதை. மூலைக் கடையில் வேப் விற்பனை இறங்கினால் பாலும் ரொட்டியும் பார்சல் சேவையும் வாடகையைக் கட்டும். தனிக் கடையில் வரி, சுவை, காட்சி, லைசென்ஸ் தூரம் ஆகிய நான்கும் ஒரே பொருளின் மேல் விழும், அவற்றில் மூன்றின் முடிவு இன்னும் எழுதப்படவில்லை. நானாக இருந்தால் பத்தாண்டு குத்தகையில் இப்போது கையெழுத்திடமாட்டேன். அந்த இடத்தை விட மனமில்லை என்றால், 2027 கோடையில் வெளியேற இடம் தரும் முறிவுப் பிரிவைக் கேளுங்கள். அதற்குள் வரிக்குப் பிந்தைய விற்பனை ஏழெட்டு மாதம் உங்கள் டில்லிலேயே பதிவாகியிருக்கும். வேப் மட்டுமே விற்க வேண்டும் என்று கட்டாத பயன்பாட்டு நிபந்தனையையும் கேளுங்கள். வீட்டுக்காரர் இரண்டையும் மறுத்தால், அந்தக் கடையை வேறு யாராவது எடுத்துக்கொள்ளட்டும்.